தண்ணீர் லாரியில் என் வீட்டுக்காரர்

உலாயோக் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பனி ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு, எனக்கு எழுபத்தாறு. அவள் எனக்குப் புருஷன்.

சிரிக்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் பெயரும் உலாயோக்தான். அவர் இறந்த இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டு அலாஷுவாவுக்குப் பெண் பிறந்தது, அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த கணக்குத்தான் எங்களுக்கு. அன்றைக்கே போய்க் குழந்தையைத் தூக்கி, "வந்துட்டீங்களா? இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். அது பதிலுக்கு என் மடியை நனைத்தது.

பத்து வயது வரை அவளுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டி, கால்சட்டை மாட்டித்தான் வளர்த்தார்கள். ஆறு வயதில் முதன்முதலாக ஒரு பனிக்கோழியைச் சுட்டாள். பெற்ற தாயிடம் அதைக் கொடுக்கவில்லை. என் வாசலில் கொண்டுவந்து போட்டு, "இந்தா பொண்டாட்டி, ஆக்கு" என்றாள். ஆக்கினேன். முழுவதையும் அவளே தின்றாள். அதுவும் அவர் குணம்தான்.

பெரியவளாகி யாக்கூசியைக் கட்டிக்கொள்ள நினைத்தபோது அந்தப் பையன் ஒரு மான் தொடையைத் தோளில் சுமந்துகொண்டு என்னிடம் வந்து நின்றான். "உங்க வீட்டுக்காரரை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டான். தொடை கொழுப்பாக இருந்தது, தந்துவிட்டேன். அன்றிலிருந்து யாக்கூசி எனக்குச் சக்களத்தி. ஊரே அவனை அப்படித்தான் கேலி செய்யும்.

அவளைப் பற்றி நல்லது மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குச் சமைக்க வராது. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், பிடிபட்டால் கோபித்துக்கொள்வாள். ஆனால் பதினாலு வருஷமாக அவள் லாரி வராத நாள் குறைவு. வீட்டுத் தொட்டியில் குழாயைச் சொருகிவிட்டுச் சுவரில் காதை வைத்து நிற்பாள். தண்ணீர் விழும் சத்தம் மாறினால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும், குழாயை அடைத்துவிடுவாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. சிந்தினால் உறைந்து வாசற்படி கண்ணாடியாகிவிடும், என் இடுப்பு உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

போன ஜனவரியில் வடமேற்குக் காற்று கிளம்பி மூன்று நாள் அடித்தது. தோலில் பட்டால் பூஜ்யத்துக்குக் கீழே அறுபது என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கு எண் புரியாது. மூக்கு மயிர் ஒட்டிக்கொண்டு, இழுக்கும் மூச்சு தொண்டையைக் கீறினால் வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். இரண்டு நாள் எந்த வண்டியும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஒன்பது வீடுகளில் தண்ணீர் தீர்ந்துபோனது. அதில் என் வீடும் ஒன்று. பனியை உருக்கித் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலை காற்று சற்றுத் தணிந்தது. உலாயோக் லாரியை எடுத்துக்கொண்டு மூன்று மைல் தள்ளியிருக்கும் ஏரிக்குப் போய் நிரப்பிவிட்டாள். திரும்பும் வழியில் காற்று மறுபடி பிடித்துக்கொண்டது. எங்கள் எல்லா வீட்டிலும் பேசும் ரேடியோ உண்டு. ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். அதில் அவள் குரல் வந்தது.

"பாதையை விட்டு இறங்கிட்டேன். முன் சக்கரம் பனிக்குள்ள போயிடுச்சு. இன்ஜின் ஓடுது, சூடு வருது. ஆனா டீசல் முள் அடியில நிக்குது."

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற மகாக் பதில் சொன்னான்: "என் வண்டி விறைச்சுப் போய்க் கெடக்கு. அடியில அடுப்பு வெச்சிருக்கேன். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"அவ்வளவு நேரம் டீசல் தாங்காது. ஊர் விளக்கு தெரியுது மகாக். அரை மைல்தான். நடந்தே வந்துடுறேன்."

கெட்டிலைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரரும் இதே போன்ற ஒரு காற்றில், வண்டி நின்றுபோய், இதே ரேடியோவில், "விளக்கு தெரியுது, நடந்து வரேன்" என்றுதான் சொன்னார். நான் "சரி" என்றேன். தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தேன். பனி உருகிய பிறகுதான் அவரைக் கண்டுபிடித்தார்கள். கடைசி வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம்.

ரேடியோவை எடுத்தேன்.

"என்னங்க."

"என்னடி பொண்டாட்டி? கதவைத் திறக்கப் போறேன், சீக்கிரம் சொல்லு."

"திறங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கல்யாணமான புதுசுல எனக்குன்னு வெச்சிருந்த கடல்நாய் ஈரலை உங்க அக்காவுக்கு ஏன் தூக்கிக் குடுத்தீங்க?"

"நானா?"

"பின்ன யாரு? நான் அப்போ மாசமா இருந்தேன்."

"அவங்க கேட்டிருப்பாங்க."

"கேட்டா குடுத்துடுறதா?"

மகாக் நடுவில் நுழைந்தான். "அண்ணே, இது தப்புண்ணே. எங்க வீட்டுலன்னா கொன்னுருப்பாங்க."

"நீ அடுப்பைப் பாருடா!" என்று அவள் கத்தினாள். பிறகு என்னிடம், "மியாலி, இது விளையாடுற நேரமில்ல. முள் இறங்குது."

"நான் விளையாடல. என் துணிமூட்டையை ஆத்துல விட்டீங்களே, அதுக்கு என்ன பதில்? என் அம்மா வந்தப்போ தூங்குற மாதிரி நடிச்சீங்களே, அதுக்கு?"

யாக்கூசியின் குரல் வந்தது. அவன் குரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டான். "விடாதீங்க மூத்தவளே. எங்கம்மா வந்தாலும் இதே நடிப்புதான்."

ரேடியோவில் பத்து வீடு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், சிரித்ததோடு இருமினாள். பிறகு குரல் மாறியது. "சரி, எல்லாம் நான்தான் செஞ்சேன். ஒத்துக்கிறேன். இப்ப இறங்கட்டுமா? விளக்கு நல்லாத் தெரியுது."

அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கும் தெரியுதுன்னுதான் சொன்னீங்க. நான் தடுக்கல. முப்பத்தெட்டு வருஷமா அந்த 'சரி' என் தொண்டையிலயே நிக்குது. இன்னிக்கு சரின்னு சொல்லமாட்டேன். வண்டியை விட்டு இறங்கக்கூடாது."

ஊர் முழுக்கக் காதை ரேடியோவில் வைத்திருந்தது.

"டீசல் தீர்ந்துட்டா?" என்று கேட்டாள்.

"இருக்கைக்குப் பின்னாடி மான்தோல் இருக்கா?"

"இருக்கு."

"அதைப் போர்த்திக்கிட்டுப் பதில் சொல்லுங்க."

"பிடிவாதக்காரி," என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரிடி, இறங்கல. அடுத்த குத்தத்தைச் சொல்லு."

சொன்னேன். அன்றுதான் எனக்கே தெரிந்தது, எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன் என்று. சிலவற்றை அவர் செய்தாரா, நானே கற்பனை செய்தேனா என்றுகூட நினைவில்லை. எல்லாவற்றையும் போட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் வாதாடினாள். அக்கம்பக்கத்தார் இரண்டு கட்சியாகப் பிரிந்து தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இன்ஜின் நின்றது. அதன் பிறகு அவள் பல் அடித்துக்கொள்வது வார்த்தைகளுக்கு நடுவே கேட்டது. நான் குரலை உயர்த்தினேன். பேச்சு நின்றால் கதவைத் திறந்துவிடுவாளோ என்று பயம்.

கடைசியில் அவளே என்னை நிறுத்தினாள். "இரு இரு. ஒரு வெளிச்சம் வருது. இது நகருது. மகாக்தான்!"

மகாக் பிறகு சொன்னான்: லாரி பாதையை விட்டு இறங்கும்போது அரைவட்டம் திரும்பி, கடலைப் பார்த்து நின்றிருந்ததாம். அவள் ஊர் விளக்கு என்று நினைத்தது வளைகுடாவுக்கு அப்பால் இருக்கும் விமான ஓடுதளத்து விளக்கு. நடந்திருந்தால் கடல் பனிமேல் நடந்திருப்பாள். ஊர் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

லாரியைக் கட்டி இழுத்துக் கொட்டகையில் நிறுத்திச் சூடேற்றினார்கள். அதற்குள் காற்றும் தணிந்திருந்தது. அவளை வீட்டுக்குப் போகச் சொன்னான் யாக்கூசி. கேட்பாளா? ஒரு கன்னம் குளிரில் உறைந்து வெள்ளையாகிப் போயிருந்தது, அதைக் கையால் அழுத்திக்கொண்டே எட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். தொட்டி நிறையும் வரை வெளியே சுவரோடு நின்றாள். பிறகு உள்ளே வந்து, மான் குழம்பை இரண்டு கிண்ணம் குடித்து, என் கட்டிலில் பூட்ஸோடு படுத்துவிட்டாள். நான் கழற்றி விட்டேன். இரண்டு காலும் ஐஸாக இருந்தன. மடியில் வைத்துத் தேய்த்தேன், விரல் ஒவ்வொன்றாகச் சிவந்து வந்தது.

காற்று மறுபடி சுவரை அறைய ஆரம்பித்தது. ரேடியோவில் மகாக் கூப்பிட்டான். "மியாலி, உங்க வீட்டுக்காரரு எங்க?"

"வீட்டுலதான் இருக்காரு," என்றேன். "சத்தம் போடாத. தூங்குறாரு."