எட்டாம் நாள் பிரித்த தையல்

அந்தத் தையலைப் பிரித்தது நான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தேன். கட்டுப் போடுவதும் தையல் பிரிப்பதும் என் வேலை. எட்டாம் நாள் பிரிப்பது வழக்கம்.

ராமசாமிக் கவுண்டர் அவிநாசிப் பக்கத்துக்காரர். அறுபது வயதுக்கு மேல். கெண்டைக்காலில் அரிவாள் பட்டு வந்து தையல் போட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, பிரிச்சுப்போடுங்க. காட்டுல பருத்தி வெடிச்சு நிக்குது. ஊட்டுக்குப் போவோணுங்க."

வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். காயத்தின் ஓரம் சரியாகக் கூடாமல் வெளுத்து ஈரமாக இருந்தது. பார்த்தும் நூலை வெட்டினேன். கவுண்டர் எழுந்து நாலடி வைத்தார். காயம் முழு நீளத்துக்கும் வாய் பிளந்தது.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "யூரின் டெஸ்ட் பண்ணுனியா?"

பண்ணவில்லை. அப்போதுதான் அவர் சிறுநீரை டெஸ்ட் டியூபில், சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. நீரிழிவு.

"தோலையும் சதையையும் சேத்துக் கட்டறது ஒரு நாரு. சர்க்கரை இருந்தா அது லேசுல ஊறாது. வயசும் ஆயிருச்சு. நீ காயத்தைப் பாக்கல, காலண்டரைப் பாத்திருக்கே," என்றார் டாக்டர்.

அந்த நாருக்குக் கொலாஜன் என்று பெயர், சர்க்கரை ஒட்டி ஒட்டி அது விறைத்துப்போகும் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து நான் தெரிந்துகொண்டது. கவுண்டரின் கைவிரல்கள் முழுதாக நிமிராமல் இருந்ததை முன்பே கவனித்திருந்தேன்; அதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஏர் பிடித்த கை என்றுதான் நினைத்திருந்தேன்.

காயம் சீழ் பிடித்தது. காலை எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். தினமும் இன்சுலின், இரண்டு வேளை கட்டு. வேலை முடிந்து வாசல்வரை போய்விட்டு, திரும்பி வந்து கவுண்டரின் கால்கட்டில் சீழ் நாற்றம் குறைந்ததா என்று முகர்ந்து பார்ப்பேன். மூன்றாவது வாரம் காயத்தின் அடியில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. அன்றுதான் கவுண்டரிடம் வாய் திறந்தேன்.

"நான் அவசரப்பட்டுட்டேனுங்க."

அவர் காலைக் காட்டிச் சொன்னார். "அவசரப்படுத்துனது நானுங்க. ஆனா வேண்டாம்னு சொல்லற எடத்துல நீங்கதான இருந்தீங்க?"

கட்டுத் துணியை எடுத்துக் காயத்தைச் சுற்றத் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்துக் கவுண்டர் கம்பு ஊன்றி நடந்துபோனார். பருத்தியை அவர் மனைவியே ஆள் வைத்து எடுத்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு சிறுநீர் பார்க்காமல், காயத்தின் ஓரத்தை அழுத்திப் பார்க்காமல் நான் கத்தரியை எடுத்ததில்லை. நோயாளிகள் திட்டுவார்கள். காயம் கூடாவிட்டால், திட்டட்டும் என்று இன்னும் இரண்டு நாள் படுக்க வைத்துவிடுவேன்.