டொக்டர் யோகேஸ்வரியின் கோணல் ரோசா

டொக்டரின் மகள் சுபா போனில் அழைத்தபோது அவளுடைய அம்மாவின் பிறந்தநாள் கேக்குக்குத்தான் ஐசிங் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஒரு மூலையை வெறுமையாக விட்டிருந்தேன். அது டொக்டருடைய இடம். "மேரி அன்ரி, அம்மா விடியக்காலமை நித்திரையிலேயே போயிட்டா" என்றாள் சுபா. கையிலிருந்த ஐசிங் பையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் டொக்டர் யோகேஸ்வரியின் கிளினிக்குக்குப் போன உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதிரையில் இருக்கும் முன்பே, "ஐடென்டிட்டி கார்ட்டை எடும் பாப்பம்" என்பார். யுத்த காலத்துச் செக்பொயின்ற்றுகளில் நின்று பழகிய நம் சனம் பதறிப்போய்ப் பையைத் துழாவும். ஒரு பெரியவர், கொழும்பில் தங்குவதற்குப் பொலிசில் பதிந்த பழைய துண்டையும் சேர்த்து நீட்டினாராம். டொக்டருக்கு வேண்டியது படம் மட்டும்தான். தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் பலருக்குக் கண்ணைப் பிதுக்கிவிடும். அன்றைய கண்ணையும் இன்றைய கண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். "கல்யாண அல்பத்தை நம்பேலாது. இதில ஒருத்தரும் சிரிக்கிறேல்லை, அதால உண்மை தெரியும்" என்பார்.

நான் அவரிடம் நோயாளியாகப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் கேக் செய்பவள் நான். சுபாவின் கல்யாணக் கேக்கை டொக்டரின் பாமன்கடை வீட்டில் இறக்கப் போனேன். அதற்கு முன்பே என் விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. நுனிகள் உருண்டு, நகங்கள் வளைந்து, கை எலும்பெல்லாம் கடுத்தது. மோதிரம் ஏறாமல் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் வாதம் என்றார்கள். ஒருத்தி கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னாள். கனடாவிலிருந்து வந்த மைத்துனி எலும்புக்கு என்று ஒரு போத்தல் குளிசை தந்துவிட்டுப் போனாள். எனக்குப் பயம் ஒன்றுதான்: இந்தக் கை மடங்காமல் போனால் என் தொழில் அன்றோடு சரி.

டொக்டர் கேக்கைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

"பிள்ளை, உமக்குத் தைரொயிட் வந்ததோ?"

"அது எப்பவோ டொக்டர். மருந்து எடுத்து அடங்கிட்டுது."

"ஐடென்டிட்டி கார்ட்டை எடும்."

கல்யாண வீட்டு வாசலில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, கார்ட்டை நீட்டினேன். கேக்கில் ஏதோ பிழை, பொலிசுக்குக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தார்களோ தெரியாது. டொக்டர் படத்தையும் என் கண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை எக்ஸ்ரேயோட வாரும்" என்றார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரல் எலும்பின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. "நீர் கேக்குக்குக் கரை போடுற மாதிரியே போட்டு வச்சிருக்கு, பாரும்" என்றார். எலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறை அழற்சியால் தடித்து, அதன்மேல் புது எலும்பு படிந்திருக்கிறதாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறித் தைரொயிட்டைக் கிளப்பிவிடுகிறது. அதுவே சிலருக்குக் கண்ணுக்கும் போகும், அபூர்வமாக விரல் எலும்புக்கும் போகும். அன்று அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "தைரொயிட் அடங்கிட்டுது. அதைக் கிளப்பிவிட்டவர் இன்னும் அடங்கேல்லை."

"சுகமாகுமா டொக்டர்?"

"பழைய விரல் வராது. ஆனா இது பெரும்பாலும் ஒரு கட்டத்தோட நிண்டிடும். கேக்கை விடவேண்டாம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காக நான் அங்கேயே அழுதேன். கனடாக் குளிசையை அவர் வாங்கிப் படித்தார். கடற்பாசி கலந்ததாம், தைரொயிட்காரருக்கு நல்லதில்லை என்று மேசை லாச்சிக்குள் போட்டார். சிகரெட் புகை இந்த நோய்க்காரருக்குப் பெரும் எதிரி என்று என் கணவர் அன்ரனுக்கும் ஏச்சு விழுந்தது. அன்றிலிருந்து அவர் சிகரெட்டோடு தெருவில்தான் நிற்கிறார்.

அடுத்த வாரம் டொக்டரே எங்கள் குசினிக்கு வந்துவிட்டார். எந்த இடத்தில் விரல் நோகிறது என்று அறிய, ஐசிங் பையைத் தானே பிடித்து ஒரு ரோசா போட்டார். நசிந்த கத்தரிக்காய் மாதிரி ஒன்று வந்தது. அன்ரன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். டொக்டர் அதை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "பெருவிரலுக்குத்தான் முழுப் பாரமும். பையைத் துணியால சுத்தித் தடிப்பாக்கும், உள்ளங்கையால அமத்தும்" என்றார். அப்படித்தான் இன்றும் செய்கிறேன். டொக்டர் சொன்னபடியே வீக்கம் ஒரு கட்டத்தோடு நின்றது. நோவும் மெல்லக் குறைந்தது.

பிறகு தன்னுடைய ஒவ்வொரு பிறந்தநாள் கேக்கிலும் ஒரு மூலையில் தானே ரோசா போடுவேன் என்று அடம்பிடித்தார். ஒரு வருசமும் அது ரோசாவாக வந்ததில்லை. "உம்மட வேலையின்ர அருமை விளங்க இது பக்கத்தில இருக்கோணும்" என்பார்.

இறந்தவர் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் படைக்கிற எட்டுச்செலவுக்கு, "அன்ரி, உங்கட கேக் இல்லாமல் அம்மா திரும்பியும் பாக்கமாட்டா" என்றாள் சுபா. புதிதாக ஒன்று செய்தேன். அந்த மூலையில் அவருடைய ரோசாவை அப்படியே கோணலாகப் போட நினைத்தேன். இதழ் இதழாகச் சரியாக வந்து விழுந்தது. வழித்துவிட்டு மறுபடி போட்டேன். இன்னும் அழகாக வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டொக்டர் எனக்குக் காப்பாற்றித் தந்துவிட்டுப் போனது இந்தத் தடித்த கையைத்தான். அவர் சொன்ன வேலையெல்லாம் செய்கிற அந்தக் கைக்கு, அவருடைய ரோசா மட்டும் வரவில்லை. அதையும் வழித்தெடுத்து, மூலையை வெறுமையாகவே விட்டுப் பெட்டியை மூடினேன்.