பெரட்டு என்றொரு சொல்

இலங்கையின் மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில், இந்தியாவிலிருந்து தோணியில் வந்த ஒரு குடும்பம் குடியேறியது. அப்படி வந்தவர்களைக் 'கள்ளத்தோணி' என்று போலீஸ் ஜீப்பில் அள்ளிக்கொண்டு போன காலம் அது. சந்தேகம் வந்தால் எங்களையும் விடமாட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டு லட்சுமிக்குத் தோட்டத்துப் பேச்சைப் பழக்க நானாகவே முன்வந்தேன்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க நாம கூடுற எடம் பெரட்டு."

"எங்க ஊர்ல கறியத்தான் பெரட்டுவோம் அக்கா" என்று சிரித்தாள்.

ஒரு நாள் காலை பெரட்டுக் களத்துக்கே ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி நேராக என்னிடம் வந்தார்.

"நீ எங்க பொறந்தது?"

நான் பிறந்தது அந்த லயத்தில்தான். ஆனால் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் ஜீப்பைக் கை காட்டினார். பின்வரிசையில் ஒளிந்து நின்ற லட்சுமி முன்னால் வந்தாள்.

"அக்காவுக்குக் காய்ச்சல், மாத்தயா. பேர் இல்லாம போயிருமேன்னு பெரட்டுக்கு நான்தான் தாங்கிக் கூட்டியாந்தேன். நாங்க இந்தத் தோட்டத்துலயே பொறந்தவங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கொழுந்தெடுக்க மலை ஏறும்போது அவள் என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். "பெரட்டுன்னு சரியாச் சொன்னேனா அக்கா?" என்றாள்.

தலையாட்டினேன். எங்கே பிறந்தாய் என்று அதன் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை.