பைப்படிக்குப் பக்கத்து அறை

எங்கள் தெருவில் என்னைப் பெரிய பேணுதல்காரி என்றார்கள். தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவி உளு செய்ய மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். எனக்கு ஒன்றரை மணித்தியாலம். "மாஷா அல்லாஹ், என்ன சுத்தம்!" என்று பக்கத்து வீட்டுக்காரி தன் மகள்மாருக்கு என்னைக் காட்டிப் புத்தி சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுத்தமா இது? ஒவ்வொரு உறுப்பையும் மூன்று தரம் கழுவினால் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மூன்றாம் தரம் முடிந்த கையோடு, முழங்கையில் நனையாத இடம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். அது பொய் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே மறுபடி பைப்பைத் திறப்பேன்.

கிண்ணியாவில் பாலத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. வாப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். பைப்படிக்குப் பக்கத்து அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். கட்டில் காலில் சிறுநீர்ப் பை தொங்கும். அந்தப் பைதான் என்னைச் சாகடித்தது. அதிலிருந்து ஒரு துளி தெறித்திருக்குமோ, போர்வையில் பட்டிருக்குமோ, போர்வையிலிருந்து அவர் கையில் பட்டிருக்குமோ? வாப்பாவை நான் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. தம்பி வந்து அவரைத் துடைத்துவிடுவான், என் கணவர் ஊட்டிவிடுவார். மகள் என்று இருந்த நான் அறை வாசலில் நின்று கதைப்பேன். வாப்பா தன் நல்ல கையை நீட்டி, "இஞ்ச வா மகள், கிட்ட வந்து இரு" என்பார்.

"அடுப்பில சோறு வாப்பா" என்பேன். எத்தனை மாதம்தான் ஒரு சோறு வேகும்!

இது ஷைத்தானின் வஸ்வாஸ், வீண் சந்தேகம் போடுகிறான் என்று மாமி மூதூரில் ஒருவரிடம் சொல்லி, ஓதின தண்ணீர் ஒரு போத்தல் எடுப்பித்துத் தந்தார். காலையும் மாலையும் குடி, முகத்தில் தடவு, கால் மிதிக்கிற இடத்தில் மட்டும் சிந்திவிடாதே என்று சொல்லித்தான் தந்தார். பாவம், நல்ல மனதோடு செய்த காரியம். மூன்றாம் நாள் சமைக்கிற குசினியில் இரண்டு சொட்டுச் சிந்திவிட்டது. எந்த இடம் என்று தெரியவில்லை. குசினி முழுவதையும் கழுவினேன். கழுவின தண்ணீர் வெளியே கழிவுநீர்க் கானுக்குள் போனதே, ஓதின தண்ணீர் ஊத்தையில் கலந்துவிட்டதே என்று கானைக் கழுவினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை குசினிக்குள் என்னால் கால் வைக்க முடியவில்லை. நஜீஸுக்கு, அசுத்தத்துக்குப் பயந்தவள் இப்போது பரிசுத்தமானதற்கும் பயந்தேன்.

கடைச் சாப்பாட்டுப் பார்சலோடு வந்த என் கணவர், கானடியில் குந்தியிருந்த என்னைப் பார்த்தார். "தண்ணிக்குத் தண்ணி மருந்தாகாது புள்ள. நாளைக்கு டொக்டர்ட்ட போவம்" என்றார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"பைத்தியமெண்டு ஆர் சொன்ன? உன்ட கையைப் பாரு." விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது.

பாலம் தாண்டித் திருகோணமலை டவுனுக்குப் போனோம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு மனநலக் கிளினிக்கில் இருந்தேன். டொக்டர் ஒரு பெண். மார்க்கத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கழுவினாப் பிறகு பயம் எவ்வளவு நேரத்துக்குப் போகுது?"

"அடுத்த சந்தேகம் வரும் மட்டும்."

"அப்ப தண்ணி பயத்தைக் கழுவேல்ல அம்மா, சாப்பாடு போட்டு வளர்க்குது. இதுக்கு ஓசிடி எண்டு பேர். உங்கட ஈமானில, நம்பிக்கையில பிழையில்ல. குடிக்கக் குளிசை இருக்கு, பயிற்சியும் இருக்கு. பயப்படுறதைத் தொட வேணும், தொட்டுப்போட்டுக் கழுவாம இருக்க வேணும். பயம் ஏறும். ஏறினது தானா இறங்கும்."

பேர் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் அந்தக் கதிரையிலேயே அழுதுவிட்டேன். என் பாவம் என்று நான் சுமந்து திரிந்தது வெறும் நோய்! அந்தக் குளிசையும் பயிற்சியும்தான் இன்றைக்கு என் உளுவைப் பத்து நிமிடத்தில் முடிக்க வைக்கின்றன. ஆனால் அன்றைக்கு, பத்து வருடம் கழுவிக் களைத்த எனக்கு எல்லாம் உடனே மாற வேண்டும் என்ற அவசரம் இருந்தது. குளிசை வேலை செய்யவே சில கிழமை எடுக்கும் என்றார்கள்.

பயிற்சியைப் படிப்படியாகத் தந்தார்கள். முதலில் வாப்பாவின் அறைக் கதவுப்பிடி, பிறகு அவருடைய கட்டில் சட்டம், பிறகு போர்வை. கடைசிப் படி அவருடைய கை. பிடித்துக்கொண்டு, பயம் இறங்கும் மட்டும் இருக்க வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் கழுவக் கூடாது.

முதல் படிகளுக்குப் பொறுமையில்லாமல், ஒரு பின்னேரம் போய்க் கட்டில் ஓரத்தில் அமர்ந்து அவர் கையைப் பிடித்தேன். வாப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு என் விரல்களைத் தடவினார். "என்ன மகள், கை இப்பிடிச் சொறசொறண்டு கிடக்கு? வீட்டு வேலை முழுக்க உன்ட தலையில போட்டுட்டன், என்ன?"

வேலையால் இல்லை வாப்பா, உங்களிடமிருந்து ஏதும் பட்டிருக்குமோ என்று கழுவிக் கழுவி என்று சொல்ல வாய் வரவில்லை. பயம் ஏறிக்கொண்டே போனது. அது இறங்கும் மட்டும் நான் இருக்கவில்லை. கையை உருவிக்கொண்டு பைப்படிக்கு ஓடினேன். அந்தப் பைப் திறக்கும்போது கீச்சென்று கத்தும். சுவருக்கு அந்தப் பக்கம் வாப்பா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். நான் திரும்பி வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்.

நாளைக்கு மறுபடி பார்ப்போம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நாலாம் நாள் விடியற்காலை சுபஹோடு வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போனார்.

ஆம்பிளைகள் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி அவரைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தத்தை அறைக்குள்ளிருந்து கேட்டேன். மூன்று தரத்தோடு சத்தம் நின்றது. தம்பி ஈரக் கையோடு வந்து, "முடிஞ்சி ராத்தா, வந்து பாருங்க" என்றான்.

முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டேன். ஒரு பயமும் வரவில்லை. இப்போது அவர் கழுவப்பட்டவர் என்பதால் அந்த நாசமாய்ப் போன நோய் எனக்கு அனுமதி தந்திருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று அவருடைய கையைத் தேடினேன். அது கபன் துணிக்குள் கட்டப்பட்டிருந்தது.