ராத்தலில் பிறந்த மகள்

என் மூத்த மகளை முதன்முதலில் நிறுத்தது ஏலக்காய்த் தராசில்தான். நாள் ஆகும் முன்பே எஸ்டேட் வீட்டில் பிறந்துவிட்டாள். பறித்து வரும் பச்சைக் காயை நிறுத்து வாங்குவது என் வீட்டுக்காரரின் வேலை. கீழே எல்லாரும் கிலோவுக்கு மாறி வருஷக்கணக்காகியும், அந்த மலையில் மட்டும் ராத்தல் காட்டும் பழைய ஸ்பிரிங் தராசு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் துணியில் கட்டி அதில் மாட்டிப் பார்த்தவர், "நாலு ராத்தல்!" என்று அக்கம்பக்கமெல்லாம் கேட்கச் சொன்னார்.

காய் எடுப்பு மும்முரம், அவரால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. என் அம்மா வந்து எங்களை ஜீப்பில் போடிக்கு அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "ஒண்ணு எண்ணூறு. ரெண்டரை கிலோ வர்ற வரைக்கும் மலைக் குளிருக்குக் கொண்டுபோகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராசிங்காபுரத்தில் அம்மா வீட்டில் தங்கினேன். பிள்ளை தேறுமா என்று இழுத்துப் பேசினவர்கள் உண்டு. கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உறிஞ்சத் தெம்பில்லாதவளுக்குப் பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டினேன்.

ஒரு தடவை நிறுத்தபோது இரண்டேகால் கிலோ இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்குப் போகும் ஜீப்பு டிரைவரிடம், "பிள்ள ரெண்டேகால் ஆயிட்டா, ரெண்டரை ஆனதும் வர்றோம்னு அவருகிட்ட சொல்லிருங்கண்ணே" என்று சொல்லியனுப்பினேன். கிலோ என்று தனியாகச் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலையில் வாசலில் அவர் நிற்கிறார். வேட்டியெல்லாம் மண்.

"காய அப்படியே போட்டுட்டா வந்தீக?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு ராத்தலாக் குடுத்துவிட்டேனே புள்ள. பாதியாக் கரைஞ்சிட்டாளே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "அது கிலோங்க. ஒரு கிலோங்கிறது ரெண்டு ராத்தலுக்கும் மேல. நீங்க நிறுத்த நாலுதான் ஆஸ்பத்திரியில ஒண்ணு எண்ணூறு. இப்ப அஞ்சு ராத்தல் இருக்கா" என்றேன்.

என் கணக்கை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பிள்ளையை வாங்கி, இரண்டு கையிலும் ஏந்தி, மெல்லத் தூக்கித் தாழ்த்திப் பார்த்தார். தராசு பழுதான நாளில் காய்க்கூடையைக் கைநிதானத்திலேயே எடை சொல்கிறவர் அவர்.

"அஞ்சு" என்றார். "கொறையாது."

அப்புறம் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, அஞ்சு ராத்தல், அஞ்சு ராத்தல் என்று ஒரே பாட்டு.

"கிலோவுல சொல்லுங்க. இங்க யாருக்கு ராத்தல் புரியுது?" என்றேன்.

"கிலோவுல சொன்னா எம்மக கொறைஞ்சு போயிருவா" என்றார்.

சொல்லிக்கொள்ளட்டும். நாலு ராத்தல் அவர் நிறுத்தது. கூடின ஒரு ராத்தல் என் பால்.