தெல்மா போடாத ஓட்டு

வெர்மான்ட் மலைச்சரிவில் இருந்த அந்தச் சிற்றூரின் தபால் ஆபீஸ், தெல்மா கோல்பர்னின் வீட்டு முன்னறைதான். அடடா, என்ன காலைகள் அவை! பால் கறந்த கையோடு ஊரே அங்கு வந்து நிற்கும். விறகடுப்பைச் சுற்றி ஈர பூட்ஸ் வாடை, தெல்மா சுட்டு வைத்த டோனட், கூடவே ஊர்வம்பு. கடிதம் வராதவர்கள்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

கதவு திறந்திருக்கும்வரை தெல்மா போஸ்ட்மாஸ்டர், சாத்தினால் கட்சிக்காரி. தேர்தல் தவறாமல் சேற்றிலும் பனியிலும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள். நாற்பது வருட உழைப்புக்கு ஒருவழியாக மரியாதை கிடைத்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு மாநிலத்தின் சார்பில் கட்சி நிறுத்திய மூன்று தேர்வாளர்களில் அவளும் ஒருத்தி.

நவம்பரில் மாநிலத்தில் கட்சி ஜெயித்தது. ஜெயித்த கட்சியின் மூவருக்கே மாநிலத்தின் மூன்று ஓட்டும். ஊர் ஜனங்கள் தேர்ந்தெடுப்பது உண்மையில் இந்த மூவரைத்தான். இவர்கள் டிசம்பரில் தலைநகர் மான்ட்பீலியரின் சட்டசபைக் கட்டடத்தில் கூடிப் பெயர் எழுதினால்தான் அது ஜனாதிபதிக்கு விழுந்த ஓட்டு.

“ஏன் தெல்மா, எங்களுக்கெல்லாம் ஒரு ஓட்டு, உனக்கு மட்டும் ரெண்டா?” என்று வம்புக்கு இழுத்தான் ஹோய்ட். மாட்டுப்பண்ணைக்காரன், அவளோடு பள்ளியில் படித்தவன், உள்ளூரில் கட்சித் தலைவனும் அவன்தான்.

“உங்க ஓட்டை வச்சு என்ன பண்றது? நான் போட்டாதான்டா உண்டு!”

அந்த நாளுக்கென்று நீலக் கோட்டு ஒன்று வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள்.

ஒரு காலை ஹோய்ட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். கட்சி வக்கீல் போன் செய்திருந்தாராம். மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் தேர்வாளராக இருக்கக் கூடாது, அரசியல் சாசனமே அப்படித்தான் சொல்கிறதாம். தபால் ஆபீஸ் வாஷிங்டனுக்குச் சொந்தம் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, பாருங்கள்! அது தெல்மாவுடையது என்றே ஊர் நினைத்திருந்தது. தெல்மாவும்தான்.

“ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. வேலையை விட்டுடு. ஓட்டுப் போடற அன்னைக்கு மத்த ரெண்டு பேரும் சேந்து, காலியான இடத்துக்கு உன்னையே திரும்பப் போட்டுடலாமாம். வக்கீலே சொல்றாரு.”

“நான் விட்டா இங்க வேற ஆளைப் போடுவாங்களா?”

பக்கத்து ஊர் போஸ்ட்மாஸ்டர் கிழவர் ஓய்வு பெற்றதும் அங்கே ஆபீஸையே இழுத்து மூடியது ஹோய்ட்டுக்கும் தெரியும். இந்த ஊர் ஆபீஸை மூடவும் தபால் இலாகா ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தது.

அந்த வாரம் தெல்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டோனட் கருகியது. கடைசியில் ஹோய்ட்டைக் கூப்பிட்டு, “என் இடத்துல நீ போ” என்றாள்.

“கிறுக்கா உனக்கு? நாப்பது வருஷம் காத்திருந்தியே!”

“தெரியும்டா. போன்னா போ.”

மான்ட்பீலியருக்கு அவளும் போனாள், நீலக் கோட்டோடு. வேடிக்கை பார்ப்பவர்களின் வரிசையில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் ஓட்டெடுத்து, காலியிடத்துக்கு ஹோய்ட்டை நியமித்தார்கள். அவன் ஓட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கையெழுத்தைத் தானே போட வேண்டுமென்று தாங்க முடியாத ஆசை அது; அவள் மறைக்கவுமில்லை.

அடுத்த தேர்தலுக்குள் அவள் விலகாமலே ஆபீஸை மூடினார்கள், பாவிகள். இனி தடையில்லை என்று கட்சி அவள் பெயரையே முதலில் போட்டது. அந்த முறை மாநிலம் எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்தது. மூன்று ஓட்டும் அவர்களுடைய ஆட்களுக்குப் போயின. அப்புறம் அந்த மாநிலம் அவள் கட்சிப் பக்கம் திரும்பி வரவேயில்லை.

வயதான பிறகு ஒருநாள், அவள் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டே ஹோய்ட் கேட்டான்: “எப்படியும் மூடிட்டாங்க. அன்னைக்கே வேலையை விட்டுட்டு ஓட்டைப் போட்டிருக்கலாம்ல?”

“போட்டிருக்கலாம்தான். இன்னும் மனசு அடிச்சுக்குது. ஆனா அதுக்கப்புறமும் ரெண்டு மூணு குளிர்காலம் நீங்கல்லாம் காலையில வந்து நின்னீங்களே. அதை எந்த ஜனாதிபதிடா குடுப்பான்?”