பிடியை விடாதவர்

படித் திருப்பத்தில் அவர் நின்றுவிடுகிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். கைப்பிடிக் கம்பியின் உயரத்தைத் தன் இடுப்போடு ஒப்பிடுகிறார். பிறகு மேலே பார்த்துக் கத்துகிறார்: "முதல்ல மாமியாரை இறக்கு. படுக்கப் போட்டுடாத, கோவிச்சுக்கும்."

மாமியார் என்பது ஃபிரிட்ஜ். வாஷிங் மெஷின் அவருக்குப் புள்ளத்தாச்சி, மெதுவாகத்தான் இறங்கும். சோபாவுக்கு மட்டும் மரியாதை கிடையாது. "வாடா சோம்பேறி" என்பார்.

வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஊரில் அவருக்கு அலமாரி அண்ணன் என்று பெயர். உடம்பும் அப்படித்தான். அகலம், உயரம், கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். விசேஷ வீட்டுக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். "இந்தக் கட்டிலை எப்படிங்க இந்த வாசல்ல உள்ள கொண்டாந்தாங்க?" என்று கேட்டு, மனைவியிடம் விலாவில் இடி வாங்குவார்.

மற்றவர்கள் பாரம் ஏற்றும்போது தோளில் துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். அவர் வைப்பதில்லை. "எனக்கு எதுக்கு மெத்தை?" இதை வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய மச்சினனைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மச்சினன் அவர் மனைவியின் தம்பி. இடது காலைச் சாய்த்து நடப்பவர். இப்போது பாரம் தூக்குவதில்லை; கயிறு கட்டுவார், கீழே நின்று வழி சொல்வார். சில வருடங்களுக்கு முன் இருவரும் ஓர் இரும்பு பீரோவை இறக்கியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. திருப்பம் வந்ததும் கீழே இருப்பவர் மொத்தப் பாரத்தையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு "வாங்கிட்டேன்" என்பார். அந்தக் கணமே மேலே இருப்பவர் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தால்தான் கீழே இருப்பவர் உடம்பைத் திருப்ப முடியும். மச்சினன் "வாங்கிட்டேன்" என்றார். அண்ணன் விடவில்லை. சின்னப் பையன், தாங்கமாட்டான் என்று தோன்றியதாம். பீரோ முறுக்கிக்கொண்டு மச்சினனின் பாதத்தில் இறங்கியது.

மச்சினன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே மன்னித்துவிட்டார். அண்ணனுக்கு அது போதவில்லை. மச்சினன் கையில் ஒரு துணிப்பையைக் கண்டாலும் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வார். "தண்ணி டம்ளரைத் தூக்கினாக்கூட வந்துடுறாருங்க" என்று மச்சினன் என்னிடம் அலுத்துக்கொண்டார். "பீரோ எடுத்தது காலை மட்டுந்தான். இவரு விட்டா கையையும் எடுத்துடுவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார் அண்ணன். திருவிருந்து நாளில் அப்பமும் கிண்ணமும் வாங்க எல்லோரும் முன்னே போகும்போது அவர் வெளியே போய்விடுவார். வாசலில் கிடக்கும் நாற்காலிகளை, யாரும் கேட்காமலே, அடுக்கிக்கொண்டிருப்பார். பீடத்துக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பெரிய மரச்சிலுவையை ஏணியில் தனியாளாகச் சுமந்து ஏறி மாட்டியது அவர்தான். கைகொடுக்க வந்த நாலு பேரைத் திட்டி விரட்டியிருக்கிறார்.

போன சனிக்கிழமை என் வீட்டை மாற்றினார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமனும் மச்சினனும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படியில் நான்.

"நாளைக்குத் திருவிருந்து மாமா. முன்னால வர்றீங்க" என்றார் மச்சினன்.

"நீ போ மாப்ள. அதெல்லாம் உங்களுக்கு."

"எங்களுக்குன்னா? நாங்க என்ன றெக்கை முளைச்சா திரியிறோம்?"

"உன் காலைப் பார்த்துக்கிட்டே நான் எப்படிடா அதை வாயில வைப்பேன்?"

"காலை ஏன் பார்க்கிறீங்க? மேல பாருங்க. அந்தச் சிலுவையை நீங்கதானே தூக்கிட்டுப் போய் மாட்டினீங்க? அது எதுக்கு அங்க இருக்கு? சுவரு வெறிச்சுன்னு இருக்குன்னா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் பண்ணினதை நான்தான் சுமக்கணும் மாப்ள. சாகிற வரைக்கும்."

மச்சினனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அவரு சுமந்தது எதை? உங்க தப்பு, என் தப்பு, இதோ மேல உட்கார்ந்து நம்ம வாயையே பார்த்துக்கிட்டிருக்காரே சார், அவரு தப்பு, மொத்தத்தையும் முதுகுல ஏத்திக்கிட்டு வாங்கிட்டேன்னு சொல்லிட்டாரு மாமா. நீங்க இன்னும் மேல நின்னு பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. அன்னைக்கு என்னை நம்பல. சரி, நான் சின்னப் பய. அவரையுமா நம்ப முடியல? அவரும் தாங்கமாட்டாருன்னா நினைக்கிறீங்க?"

அண்ணன் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினார். சாயங்காலம் வரை எந்தச் சாமானையும் அவர் முறை வைத்துக் கூப்பிடவில்லை. ஃபிரிட்ஜ் வெறும் ஃபிரிட்ஜாக இறங்கியது.

மறுநாள் ஆலயத்தில் நான் அவர்களுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தேன். போதகர் அழைத்ததும் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அண்ணன் எழுந்தார். வாசலைப் பார்த்தார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் தொண்டையைச் செருமிவிட்டு முன்னே நடந்தார். கனமான சாமானை இறக்கி வைக்கும்போது எழும்புமே, அந்த "ம்" என்ற ஒலியோடு முழங்காலிட்டார். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. போதகர் அப்பத்தைக் கையில் வைத்தபோது அதை ஒரு நொடி பார்த்தார். பிறகு பசியோடு வந்தவர்போலச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி வந்து மனைவிக்கும் மச்சினனுக்கும் நடுவில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார், வீட்டில் சொல்வதுபோல, சத்தமாகவே.

முடிவு ஜெபத்தின்போது அவர் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை மெல்லச் சரிந்தது. மனைவி பதறி எழுப்பப் போனார். மச்சினன் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசிப் பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்து நின்றது. அவர்கள் இருவர் மட்டும் எழவில்லை. அண்ணனின் தலை, தன் முழுக் கனத்தோடும், மச்சினனின் தோளில் கிடந்தது.